கன்னிமார் துறையில் மஞ்சள் டேக்

1. காலி வலை

வலையை இழுக்கும்போதே உள்ளே கனம் இருக்கிறதா இல்லையா என்று கைக்குத் தெரிந்துவிடும். அன்று காலை ஏறி வந்ததெல்லாம் விரல் நீளப் பொடி மீன்கள். மலையாற்றுப் பெருங்கெண்டையான பொம்மீன் ஒன்றுகூட இல்லை.

மீன்வளத்துறை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். குரங்கணிக்கு மேலே, ஏலத்தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு சிறிய நீர்த்தேக்கம் கடைசிக் காலத்தில் என் பொறுப்பில் இருந்தது. அங்கே பொம்மீனை விற்கப் பிடிப்பதில்லை. வெளியூர்க்காரர்கள் சீட்டு வாங்கித் தூண்டில் போடுவார்கள். மாட்டியதை அளந்து, முதுகுத் துடுப்போரம் நம்பர் போட்ட மஞ்சள் பிளாஸ்டிக் டேக் குத்தி, உயிரோடு தண்ணீரில் விட்டுவிட வேண்டும். எது வளர்ந்தது, எது பிழைத்தது என்பதெல்லாம் அந்த டேக் நம்பரை வைத்துத்தான். இடையிடையே நாங்களும் வலை போட்டுப் பார்த்துவிட்டு விடுவோம்.

படகோட்டி சிக்கந்தர் அண்ணன் போடிக்காரர். தூண்டில்காரர்களை ஏற்றிப் போவதுதான் அவர் பிழைப்பு. காலி வலையைப் பார்த்ததும் அவர் முகம் செத்துப்போனது.

"ஏலத்துக்கு மருந்து அடிச்ச மறுநாளே மழை கொட்டுச்சுல்ல மேடம்? அம்புட்டும் இங்கதான் எறங்கியிருக்கும்."

"செத்திருந்தா மிதக்கணுமேண்ணே?"

"வந்த வெள்ளத்துக்கு மதகு வழியாப் போயிருக்கும்."

"நல்ல வாய் வச்சீங்க, சும்மா வாங்க!" என்று எரிந்து விழுந்தேன். எனக்கும் அதே பயம்தான்.

கரைக்கு வந்ததும் உதவி இயக்குநர் போனில் பிடித்துக்கொண்டார். "என்னம்மா, இருக்கா இல்லையா?"

"இன்னும் ரெண்டு இடம் பாத்திட்டுச் சொல்றேன் சார்."

"பாத்ததெல்லாம் போதும்மா. மீனில்லாத தண்ணிக்குத் தூண்டில் எதுக்கு, படகு எதுக்கு? பேசாம கட்லா, ரோகு விட்டுடுவோம். குஞ்சு லோடு நாளைக்கு ஏறுது."

அவர் கெட்டவர் இல்லை. ஆனால் விற்பதற்கென்றே வளர்க்கும் கட்லா இறங்கினால் பின்னாலேயே குத்தகைக்காரர் வலை இறங்கும். தப்பிப் பிழைத்த பொம்மீன் நாலு இருந்தாலும் அதில் போய்விடும். சிக்கந்தர் அண்ணன் படகைக் கவிழ்த்துப் போட வேண்டியதுதான்.

2. பொரி மூட்டை

அந்த நேரம் பார்த்துத் தோட்டத்தில் ஏலக்காய் எடுக்கும் பேச்சியம்மா அக்கா இடுப்பில் பொரி மூட்டையோடு வந்தார். ஆடி வெள்ளி. அக்கரையில் இருக்கும் கன்னிமார் சாமிக்குப் பொரி போடுவதாக நேர்ந்திருக்கிறாராம்.

"பாய், வெரசா அக்கரையில எறக்கி விடுங்க. சோலி கெடக்கு."

நானும் ஏறிக்கொண்டேன். வேறு என்ன செய்வது என்றும் தெரியவில்லை. பாதி வழியில் அண்ணன் இன்ஜினை நிறுத்திவிட்டுத் துடுப்பை எடுத்தார்.

"ஏண்ணே, டீசல் தீந்துபோச்சா?"

"இல்ல மேடம். கன்னிமார் துறைக்குச் சத்தம் ஆகாது. வலை, தூண்டில் எதுவும் போடக் கூடாது. நாங்க யாரும் போடமாட்டோம்."

எனக்குச் சுருக்கென்றது. கணக்கெடுப்புக்கு வலை போடும் இடங்களை அவரும் நானும் சேர்ந்துதான் குறித்திருந்தோம். இந்த மூலைக்கு அவர் படகைத் திருப்பியதே இல்லை. மழையில் பெருகிய ஓடை அங்கேதான் வந்து விழுந்துகொண்டிருந்தது; பொம்மீனுக்கு ஓடும் தண்ணீர்தான் பிடிக்கும்.

பேச்சியம்மா அக்கா படியில் நின்று கும்பிட்டுவிட்டு ஒரு கை பொரியை வீசினார். தண்ணீர் கொதித்தது. பொன்னிறச் செதில் முதுகுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. ஒரு முதுகு திரும்பியது, ஓரத்தில் மஞ்சள். அதன் பக்கத்திலேயே இன்னொரு மஞ்சள்.

"டேக்கு! அண்ணே, நம்ம டேக்கு!"

"கோயில்ல வந்து கத்தாத ஆத்தா," என்று அக்கா அதட்டினார்.

"ஏண்ணே, இங்க மீன் வரும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் மேடம். ஆனா அது கோயில் மீனுல்ல? நம்ம கணக்குல எப்படிச் சேரும்?"

அடிக்கலாமா, கட்டிக்கொண்டு அழலாமா என்று இருந்தது. கோயிலுக்கு வரும் பெண்களை இறக்கிவிட்டு அண்ணன் உடனே திரும்பிவிடுவாராம். பொரி போடுவதை அன்றுதான் நின்று பார்த்திருக்கிறார். குனிந்து பார்த்தவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அட, நம்ம புள்ளைக மேடம்! எம்புட்டு வளந்திருச்சுக!"

3. லோடு நின்றது

சிக்னல் கிடைக்கும் கரை மேட்டுக்கு ஓடினேன். "சார், லோடை நிறுத்துங்க. மீன் இருக்கு."

"வலையில ஏறுச்சா?"

"இல்ல சார். பொரிக்கு வந்துச்சு."

படியில் நின்று போனில் எடுத்திருந்த வீடியோவை அனுப்பினேன். லோடை நிறுத்திவிட்டு மறுநாள் அவரே ஜீப்பில் வந்தார். ஷூவைக் கழற்றிவிட்டுப் படியில் இறங்கி, நான் கொடுத்த பொரி முழுவதையும் ஒரேயடியாகக் கொட்டினார். மீன் அடித்த அடியில் பேண்ட் தொடை வரை நனைந்தது. "போதும்மா, நம்பிட்டேன். கட்லா வேண்டாம்னு எழுதிரு," என்று சிரித்தார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அப்பாடா!

அதன் பிறகு கன்னிமார் துறையும் எங்கள் கணக்கெடுப்பில் சேர்ந்தது. இன்ஜின் கிடையாது, வலை கிடையாது. ஒரு கைப் பொரி, ஒரு பைனாகுலர், அவ்வளவுதான். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: எங்கே மீன் பிடிப்பீர்கள் என்று மட்டும் ஊர்க்காரர்களிடம் கேட்காதீர்கள். எங்கே பிடிக்கமாட்டீர்கள் என்றும் கேளுங்கள்.

அந்த ஆடி வெள்ளியன்று படகில் திரும்பும்போது பேச்சியம்மா அக்கா என்னை விடவில்லை. "மஞ்சத் துண்டைக் குத்தி வச்சிட்டா உங்க மீனாயிருமா ஆத்தா? இப்பச் சொல்லு, அது யாரு மீனு?"

"கன்னிமார் மீனுதாங்க்கா," என்றேன். "எண்ணிக்க மட்டும் எங்களுக்கு உத்தரவு குடுங்க."

அக்கா காலிப் பொரிப் பையை உதறி மடித்தார். "சரி, எண்ணிக்க. வெறுங்கையோட மட்டும் வந்திராத."

ஓய்வு பெறும்வரை பொரி இல்லாமல் நான் அந்தப் படகில் ஏறியதில்லை.