அப்புக்காத்தரும் அவருடைய கலையும்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் நான் வேலை செய்த ஸ்டூடியோவின் பின்சுவரில் ஒரு திரை தொங்கியது. அதில் ஓர் ஏரி, ஏரியில் அன்னம், கரையில் சலவைக்கல் தூண். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர், மீன்கடைக்காரர், புதுமணத் தம்பதி, எல்லோரும் அந்த அன்னத்துக்கு முன்னால்தான் நின்றார்கள். முதலாளி ஆண்கள் எல்லோருக்கும் ஒரே கோட்டை மாட்டிவிடுவார். பருத்த ஆள் என்றால் கோட்டின் முதுகைப் பிரித்து ஊசி குத்துவார். ஆளைப் படம் எடுப்பதைவிட ஆளை மறைப்பதில்தான் எங்களுக்குத் திறமை அதிகம். செத்தவீட்டுக்கு மட்டும் அந்தத் திரையைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அந்த வேலை முதலாளிக்கு அருவருப்பு. ஆகவே பெரிய கமராவைச் சுமந்துகொண்டு சவப்பெட்டியடிக்குப் போகிறவன் நான்.

உலக யுத்தம் முடிந்து, ஃபிலிம் மறுபடி கடைகளுக்கு வரத் தொடங்கியிருந்த காலம் அது. வெள்ளைக்காரன் போகப் போகிறான் என்று ஊரே கதைத்தது. எனக்கு இருந்த கவலை வேறு. நான் கலைஞனா, அன்னத்துக்குக் காவல்காரனா என்பதுதான் அது.

அந்தக் கவலையோடுதான் வெள்ளவத்தைக்குப் போய்ச் சேர்ந்தேன். அங்கே கடலைப் பார்த்த ஒரு பெரிய வீட்டில், ஞாயிறுதோறும் ஒளிப்படக் கலை வட்டம் ஒன்று கூடியது. வீட்டுக்காரர் புதுக்கடைக் கோர்ட்டில் வாதாடும் அப்புக்காத்து. ஜேர்மன் கமரா வைத்திருந்தார். அதை ஒரு கைக்குழந்தையைப் போலத் துணியில் சுற்றி வைத்திருப்பார். வட்டத்தின் மற்ற உறுப்பினர்கள் அவருடைய நண்பர்கள். எல்லோரிடமும் நல்ல கமரா இருந்தது. ஒருவருக்கும் ஒரு படத்தைக் கழுவி அச்சிடத் தெரியாது. என்னை எதற்காகக் கூப்பிட்டார்கள் என்பது இதிலிருந்தே விளங்கும். எனக்குத்தான் விளங்கவில்லை. சீமைப் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு அவர்கள் 'ஆன்மா', 'நிழலின் மொழி' என்று பேசியபோது, நான் கதிரை நுனியில் இருந்து வாய் பிளந்து கேட்டேன். இவர்கள் எனக்கு வழி காட்டுவார்கள் என்று நம்பினேன்.

ஒருநாள் விடியப் புறப்பட்டு முகத்துவாரத்துக்குப் போனோம். மீனவர்களின் துயரத்தைப் படம் எடுக்க வேண்டும் என்பது அப்புக்காத்தரின் ஆசை. துரதிர்ஷ்டம், அன்றைக்கு நல்ல மீன்பாடு. கரையில் ஒரே சிரிப்பும் சத்தமும். அப்புக்காத்தர் ஒரு கிழவரைப் பிடித்து வள்ளத்தில் சாய்த்து நிறுத்தினார்.

"கொஞ்சம் கவலையாப் பாருங்கோ."

"என்னத்துக்கு தொரை?" என்றார் கிழவர். "இண்டைக்கு வல நெறய மீனு. கவலப்பட ஒண்டும் இல்லையே."

"வாழ்க்கையை நினைச்சுப் பாருங்கோ. பட்ட கஷ்டத்தை நினையுங்கோ."

கிழவர் நினைத்துப் பார்த்தார். எதை நினைத்தாரோ, வெற்றிலைக்காவி படிந்த பற்கள் எல்லாம் தெரிய இன்னும் பெரிதாகச் சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். வட்டத்து நண்பர் ஒருவர் பனிமூட்டம் வேண்டுமென்று ஈரத் தென்னோலையைக் கொளுத்தினார். காற்று திரும்பி, புகை நேரே கிழவரின் முகத்தில் அடித்தது. அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு தலை குனிந்து இருமிய கணத்தில் அப்புக்காத்தர் படத்தை எடுத்துவிட்டார்.

அந்தப் படத்தை நான்தான் அச்சிட்டேன். வானம் வெறும் வெள்ளையாக இருந்தது. கல்கிசைக் கடற்கரையில் நான் எனக்காக எடுத்து வைத்திருந்த மேகத்தின் நெகட்டிவ் ஒன்றைச் சேர்த்து, கரிய வானம் ஒன்றை உண்டாக்கிக் கொடுத்தேன். அந்த நாட்களில் அது வழக்கமான வேலைதான். 'உழைப்பின் துயரம்' என்று ஆங்கிலத்தில் பெயர் வைத்து ஒரு போட்டிக்கு அனுப்பினார்கள். பரிசு கிடைத்தது. பதக்கம் கொடுத்த வெள்ளைக்காரத் துரை அந்த வானத்தை மட்டும் விரலால் சுட்டிப் புகழ்ந்தார். அப்புக்காத்தர் அடக்கமாகத் தலையைச் சாய்த்து, "அந்த வானத்துக்காகக் கன நேரம் காத்திருந்தனான்" என்றார். நான் இரண்டு கதிரை தள்ளி நின்றேன். என்னைத் திரும்பிப் பார்க்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. பொய் சொல்லுகிறோம் என்ற எண்ணமே அவரிடம் இல்லை. அந்த மேகம் தனக்காகவே கல்கிசையில் நின்றது என்று அவர் உண்மையாகவே நம்பினார்.

வெட்கத்தைச் சொல்லுகிறேன், அதற்குப் பிறகும் நான் போனேன். கலைஞன் ஆக வேண்டுமென்றால் இப்படிப்பட்டவர்களோடு இருந்துதான் ஆக வேண்டும் என்று நினைத்தேன். செத்தவீட்டுப் படங்களைப் பற்றி அங்கே வாயே திறப்பதில்லை. ஒருமுறை தெரியவந்தபோது, "அதெல்லாம் பிழைப்பு, கலை அல்ல" என்று அப்புக்காத்தர் கையை வீசினார். எல்லோரும் பரிதாபத்தோடு எனக்கு இன்னொரு பிஸ்கட் தந்தார்கள்.

பிறகு அவருடைய தாய் இறந்துபோனார். வட்டத்தில் அத்தனை கமரா இருந்தும், குடும்பப் படம் எடுக்க ஆள் அனுப்பியது எனக்குத்தான். அனுப்பியவர் அப்புக்காத்தரின் தமக்கை. தாயைக் கடைசிவரை பக்கத்தில் இருந்து பார்த்தவர் அவர்தான்.

நான் போய்ச் சேர்ந்தபோது கூடத்தில் பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். நடுவில் பெட்டி. அப்புக்காத்தர் அதன் தலைமாட்டில் முழங்காலில் நின்றார். பாவம், துக்கம் தாங்காமல் விழுந்துவிட்டார் என்று நினைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால் கையில் ஜேர்மன் கமரா. தாயின் முகத்தில் ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் விழ வேண்டுமாம். அதற்காக யன்னல் ஒன்றைச் சாத்தச் சொல்லியிருந்தார். தலைமாட்டில் எரிந்த குத்துவிளக்கு இடைஞ்சலாக இருந்தது போலும். அதைத் தூக்கித் தன் கையாலேயே மூலையில் வைத்தார். தாயின் முடியை நெற்றியில் கலைத்துவிட்டார். பிறகு, அழுதுகொண்டிருந்த தமக்கையிடம், "அக்கா, உங்கட நிழல் விழுது. கொஞ்சம் அங்கால தள்ளுங்கோ" என்றார்.

அழுகை நின்றுவிட்டது.

"அம்மா செத்துக் கிடக்கிறா," என்றார் தமக்கை. "நீ வெளிச்சம் பாக்கிறியா?"

தமக்கை எழுந்துபோய் விளக்கை எடுத்து வந்து பழைய இடத்தில் வைத்தார். யன்னலைத் திறந்தார். தாயின் முடியைக் கையால் நீவி ஒதுக்கினார். பிறகு வாசலில் நின்ற என்னைப் பார்த்தார்.

"தம்பி, உள்ளுக்கு வாங்கோ. நாங்கள் எல்லாரும் அம்மாவோட நிக்கிறம். நிக்கிற மாதிரியே எடுங்கோ."

கமராவை நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தேன். கண்ணாடியில் அந்தக் குடும்பம் தலைகீழாகத் தெரிந்தது. எனக்கு அது பழக்கம். ஆனால் அன்றைக்குத்தான் நிதானித்துப் பார்த்தேன். தமக்கை ஒரு கையைப் பெட்டியின் விளிம்பில் வைத்திருந்தார், நித்திரையில் இருக்கும் ஒருவரைக் காவல் காப்பதுபோல. அப்புக்காத்தரின் தம்பி தன் மனைவியின் சேலைத் தலைப்பைப் பிடித்திருந்தான். பிடித்திருப்பது அவனுக்கே தெரியாது. ஒருவர்கூடக் கமராவைப் பார்க்கவில்லை, அப்புக்காத்தரைத் தவிர. அவர் நாடியை உயர்த்தி, எந்தப் பக்கம் தனக்கு எடுப்பு என்று தெரிந்துகொண்டு நின்றார்.

அந்தத் துணிக்குள் நின்றபடியே எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. எனக்குப் பிடித்தது இதுதான். மனிதர்கள் ஒருவர் பக்கத்தில் ஒருவர் எப்படி நிற்கிறார்கள் என்று பார்ப்பது. மேகமும் வேண்டாம், அன்னமும் வேண்டாம். இத்தனை காலமும் செத்தவீடுகளில் நான் இதைத்தான் செய்துகொண்டிருந்தேன், வெட்கப்பட்டுக்கொண்டு.

சில நாட்களில் அப்புக்காத்தர் கொட்டாஞ்சேனைக்கே வந்தார். முதல்முறையாக ஸ்டூடியோப் படியேறினார். அன்னத்தைப் பார்த்து முகம் சுளித்தார். பிறகு தன் ஃபிலிமை நீட்டினார். தாயின் முகம்.

"இதை நல்லாக் கறுப்பா அடிச்சுத் தாரும். அடுத்த கண்காட்சிக்கு."

"அக்காவிட்டக் கேட்டீங்களா ஐயா?"

"கலைக்கு ஆரிட்டக் கேக்க வேணும்?"

"அப்ப கோட்டையில வேற ஸ்டூடியோவில குடுங்க. நான் அடிக்க மாட்டன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீர் ஒரு நல்ல வேலைக்காரன். கலைஞனா வரமாட்டீர் எண்டு எனக்கு அப்பவே தெரியும்" என்றார். இரவெல்லாம் அழ வைத்திருக்க வேண்டிய சொல். எனக்கோ ஒரு பெரிய சுமையை யாரோ இறக்கி வைத்ததுபோல இருந்தது.

கண்காட்சி கறுவாத்தோட்டத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. நானும் போனேன். தாயின் படம் நடுச்சுவரில், தங்கச் சட்டத்துக்குள். 'நித்திய அமைதி' என்று பெயர். அதன் முன்னால் துரைமாரும் துரைசானிமாரும் தேநீர்க் கோப்பையோடு நின்று பெருமூச்சு விட்டார்கள். அப்புக்காத்தர் தன் துக்கத்தை எப்படிக் கலையாக மாற்றினார் என்பதை ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தார்.

அப்போது தமக்கை உள்ளே வந்தார். அனுதாபம் சொல்ல வந்த யாரோ படத்தைப் புகழ்ந்து அவருக்குச் செய்தி சொல்லியிருந்தார்கள். வெள்ளைச் சேலை, கையில் குடை. ஒருவரையும் பார்க்காமல் நேரே சுவருக்குப் போய், சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக் கழற்றினார்.

"அக்கா! என்ன இது? இது பொது இடம்!"

"ஓம். அதாலதான் வந்தனான்," என்றார் அவர். "அம்மா ஒருநாளும் தலை சீவி இழுக்காமல் ஆக்களுக்கு முன்னால வரமாட்டா."

படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கி, காத்திருந்த ரிக்‌ஷாவில் ஏறிப் போய்விட்டார். ஒரு துரைசானி, படம் விலைப்பட்டுவிட்டதா என்று ஆவலோடு விசாரித்தார். அப்புக்காத்தர் சுவரிலிருந்த வெறும் ஆணியைப் பார்த்தபடி நின்றார். எனக்கு அவர்மீது இரக்கம் வந்திருக்கலாம். வரவில்லை.

அந்த வருடமே ஸ்டூடியோவை விட்டு விலகி, மாதா கோயில் ஒழுங்கையில் ஒரு முன்னறையை வாடகைக்கு எடுத்தேன். வெள்ளையடித்த வெறும் சுவர், ஆட்கள் இருக்க இரண்டு வாங்கு. வந்தவர்களைத் தங்கள் உடுப்பிலேயே, தாங்களாக நிற்கும்படி விட்டேன். முதலில், திரை இல்லாத ஸ்டூடியோவா என்று திரும்பிப் போனார்கள். பிறகு, செத்தவீட்டில் என்னைக் கண்டவர்கள் கல்யாணத்துக்கும் கூப்பிட்டார்கள்.

அப்புக்காத்தர் ஒளிப்படத்தை விட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். நீர்வர்ணத்தில் இறங்கிவிட்டாராம். கமரா வெறும் இயந்திரம், அதில் ஆன்மா கிடையாது என்று அதே கூடத்தில், அதே நண்பர்களுக்கு அவர் விளக்குவதாகவும், அவர்கள் அதற்கும் தலையாட்டுவதாகவும் சொன்னார்கள். ஆட்டியிருப்பார்கள். இந்தச் செய்தி என் காதுக்கு எட்டிய அன்று, கொச்சிக்கடையில் ஒரு ஞானஸ்நான வீட்டில் நின்றேன். கமராவைக் கண்டதும் பிள்ளை வீரிட்டு அழுதது. சமாதானப்படுத்திவிட்டு எடுக்கலாம் என்றார்கள். வேண்டாம், அழட்டும் என்று சொல்லி, தாயும் தகப்பனும் பதறிக்கொண்டு அதன் மேல் குனிந்த நேரத்தில் எடுத்தேன்.