பம்பரத்தின் குதிகால்

என் தங்கையைப் பம்பரம் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். ஆறு வயதில் சமையலறைக்குள் சுற்றிச் சுற்றி மூன்று தட்டுகளை உடைத்தபோது அப்பா வைத்த பெயர் அது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்று தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். அவள் பத்து வரை படித்துவிட்டு ஒரு நடனக் குழுவில் சேர்ந்தாள். மேடையில் பாடகர் பாட, பின்னால் வரிசையாக நின்று ஆடுவார்களே, அந்த மாதிரிக் குழு. முதலில் நாலாவது வரிசையின் ஓரத்தில் நிறுத்தினார்கள். முதல் வரிசையின் நடுவுக்கு வர அவளுக்குப் பதினாலு வருஷம் ஆயிற்று. வந்த ஆறாம் மாதம் வலது குதிகால் வீங்கிக்கொண்டது.

குதிகாலுக்கு மேலே கயிறு மாதிரி ஒரு நரம்பு ஓடுகிறதே, அதில்தான் கோளாறு. நரம்பு இல்லை, தசைநார் என்று பிசியோதெரபி செய்கிற பெண் என்னைத் திருத்தினாள். சின்ன வயசு, பொறுமைசாலி. பன்னிரண்டு வாரம் ஒழுங்காகப் பயிற்சி செய்தால் பழையபடி ஆடலாம் என்றாள். குழுவை நடத்துகிற மாஸ்டரோ, பத்தாவது வாரம் வெளியூர்ப் பயணம், அதற்குள் வந்தால் உன் இடம் உனக்கு, இல்லாவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

வாரம் மூன்று நாள் நான் துணைக்குப் போனேன். அந்த அறையில் பிடித்துக்கொண்டு நடக்க இரண்டு கம்பிகள், ஆளுயரக் கண்ணாடி, இரண்டு கட்டில்கள், சுவரோரமாக ஒரு மரப்பெட்டி. பெட்டியின் விளிம்பில் முன்பாதத்தை மட்டும் வைத்து ஏறி நின்று, குதிகாலை மெதுவாகக் கீழே இறக்க வேண்டும். பதினைந்து தடவை இறக்கினால் ஒரு சுற்று. பிறகு மணல் போட்ட பையை முதுகில் மாட்டிக்கொண்டு அதையே செய்ய வேண்டும். ஒவ்வொரு வாரமும் அந்தப் பெண், "எப்படி இருக்கு?" என்று கேட்பாள். பதிலைப் பொறுத்து மணலைக் கூட்டுவாள்.

தங்கைக்கு ஒரே பதில்தான். "பரவாயில்லை."

இந்த வார்த்தைதான் எங்களைக் கவிழ்த்தது. காய்ச்சலில் கிடந்தவர் பரவாயில்லை என்றால் குறைந்திருக்கிறது என்று பொருள். நம் காலை மிதித்தவர் மன்னிப்புக் கேட்டாலும் பரவாயில்லை என்றுதான் சொல்கிறோம். வலிக்கிறது, போகட்டும் விடுங்கள் என்று பொருள். தங்கை சொன்னது இரண்டாவது. பதினாலு வருஷமாக மாஸ்டருக்குச் சொல்லிச் சொல்லி வாயில் ஊறிப்போன பதில். அந்தப் பெண் எழுதிக்கொண்டது முதலாவதை.

பக்கத்துக் கட்டிலுக்குத் தோள் இறுகிப்போன பஸ் டிரைவர் ஒருவர் வருவார். கையைத் தொடுவதற்கு முன்பே "அம்மா, செத்தேன்" என்பார். "இவரு பஸ்ஸுக்கு ஹாரனே வேண்டாம்க்கா" என்று தங்கை என் காதைக் கடித்தாள். அது அவர் காதிலும் விழுந்துவிட்டது.

"நீ சிரிம்மா. வலிக்குதுன்னு சொல்றதுக்குத்தானே இங்க வர்றோம்" என்றார்.

ஏழாவது வாரம் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டிவிட்டு அவர் போய்விட்டார். அப்புறம் வரவே இல்லை.

வீட்டில் நடந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். காலையில் அவளால் குதிகாலைத் தரையில் ஊன்ற முடியாது. சுவரைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் குளியலறைக்குப் போவாள். தொட்டுப் பார்த்தால் அந்த இடம் கொதிக்கும். சொல்லிவிடு என்றேன்.

"சொன்னா நிறுத்திடுவாக்கா. நிறுத்தினா என் இடத்துல வேற ஒருத்தி நிப்பா. நீ வாயத் திறக்காதே."

நான் பொய் சொல்லாதவள். ஆனால் அந்தப் பெண் என்னை ஒன்றும் கேட்கவில்லையே, கேட்காதபோது சும்மா இருப்பது பொய்யாகுமா என்று கடவுளிடமே வாதாடி என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். தங்கை முதுகில் மணல் ஏறும்போதெல்லாம் பெஞ்சில் கண்ணை மூடி ஜெபித்தேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதைவிட ஜெபிப்பது சுலபமாக இருந்தது.

ஒன்பதாவது வாரம் அந்தப் பெண் தங்கையை ஒற்றைக்காலில் குதிக்கச் சொன்னாள். மூன்று குதித்தாள். நாலாவதில் கட்டை முறிந்த மாதிரி ஒரு சத்தம். தங்கை பின்னால் திரும்பிப் பார்த்து, "யாருக்கா உதைச்சது?" என்று கேட்டாள். பின்னால் யாருமே இல்லை. பிறகுதான் விழுந்தாள்.

தசைநார் முழுசாக அறுந்திருந்தது. ஆபரேஷன் செய்து தைத்து மாவுக்கட்டுப் போட்டார்கள். மறுநாள் அந்தப் பெண் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். ஒன்பது வாரக் காகிதங்களும் கையில் இருந்தன. அவள் கண்ணும் வீங்கியிருந்தது.

"எப்பலேர்ந்து வலிச்சுது?"

"வலி நிக்கவே இல்லை."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நிறுத்திடுவீங்க."

"நிறுத்த மாட்டேன்மா. மணலைக் குறைச்சிருப்பேன். ரெண்டு வாரம் பின்னால போயிருப்போம், அவ்வளவுதான். மாஸ்டர்கிட்ட நானே பேசியிருப்பேன். முதல் ரெண்டு ஊரை விட்டுட்டு மூணாவது ஊர்ல போய்ச் சேர்ந்திருக்கலாம்."

அந்தப் பெண் போன பிறகு தங்கை என் பக்கம் திரும்பினாள்.

"நீ ஏன் சொல்லல?"

"நீதானேடி வாயத் திறக்காதேன்னே."

"நான் அப்படித்தான் சொல்லுவேன். எனக்கு ஆடணும், அதனால சொல்லுவேன். உனக்கு என்ன வந்துது? நீ அக்காதானே?"

நான் மாவுக்கட்டின் மேல் போர்வையை இழுத்துவிட்டேன்.

பத்தாவது வாரம் குழு புறப்பட்டுப் போயிற்று. நடுவில் ஆட மூன்றாவது வரிசைப் பெண்ணைப் போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டோம். நன்றாகவே ஆடினாளாம். மாஸ்டர் ஒரு தரம்கூட போன் செய்து விசாரிக்கவில்லை. இப்போது தங்கை ஒரு கண்ணாடிக் கடையில் மூக்குக்கண்ணாடிக்கு அளவு எடுக்கிறாள். நடையில் லேசான சாய்வு இருக்கிறது. இனி மேடை இல்லை என்று டாக்டரும் சொல்லிவிட்டார்.

நடையாவது நேராகட்டும் என்று வேறொரு இடத்துக்குப் பயிற்சிக்குப் போகிறாள். இன்னமும் நான்தான் துணை. ஆனால் வாசலோடு சரி. உள்ளே வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். கதவைச் சாத்திவிடுவார்கள். உள்ளே அவர்கள் என்ன கேட்கிறார்கள், இவள் என்ன சொல்கிறாள் என்று எனக்குத் தெரிவதில்லை.