கோப்பாயில் யோசித்துக்கொண்டிருந்தோம்

நேற்று, நான் படிப்பிக்கும் ரியூட்டரியில் அலுமாரியைக் குடைந்தபோது ஒரு பழைய வெண்கட்டிப் பெட்டி கையில் அகப்பட்டது. திறந்ததும் அந்தச் சுண்ணாம்பு மணம். எதிரே பிள்ளைகள் இருப்பதையும் மறந்து அப்படியே நின்றுவிட்டேன்.

கோப்பாயில், வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு வாடகை வீட்டில் எங்கள் கோட்பாட்டுப் பௌதிகவியல் ஆய்வு மையம் இருந்தது. பெயர்தான் பெரிது, உள்ளே நானும் நஸீராவும் ஒரு கரும்பலகையும்தான்.

"அங்கை என்ன செய்யிறனீங்கள்?" என்று அம்மா கேட்பார்.

"யோசிக்கிறம்."

"அதை வீட்டில இருந்து செய்யேலாதோ?"

கருந்துளையின் விளிம்பைப் பற்றிய ஒரே கணக்கோடு இருவரும் வருடக்கணக்காக மல்லுக்கட்டினோம். ஞாயிறுகளில் ஊராருக்குப் பேச்சு. நான் பேசினால் நுளம்புகூட நித்திரையாகிவிடும். நஸீரா பேசினால், சொன்னால் நம்பமாட்டீர்கள், தோட்டத்துக்கு இறைத்துவிட்டு வந்தவர்கள் சாரத்தின் ஈரம் காயும்வரை எழும்பமாட்டார்கள். அவளுடைய வீட்டார் தொண்ணூறில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள். புத்தளத்தில் பிறந்து, இங்கே திரும்பி வந்தவள்.

பிறகு நாட்டில் பெற்றோலும் மின்சாரமும் இல்லாமல் போன காலம் வந்தது. எங்களுக்கு உதவிய வெளிநாட்டு அன்பர் கைவிரித்தார். நஸீராவின் வாப்பா கடையை மூடினார். கட்டாரில் பள்ளிக்கூட வேலை கிடைத்திருக்கிறது என்று ஒருநாள் சொன்னாள்.

"கொஞ்சம் பொறன், நஸீரா. கணக்கு முடியப்போகுது."

"தொண்ணூறில எங்கடை ஆக்களைப் போகச் சொன்னவை, அக்கா. இப்ப ஒருத்தரும் சொல்லேல்லை. நானாப் போறன். அதுதான் தாங்கேலாமல் கிடக்கு."

அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் அழவில்லை.

ஞாயிறுப் பேச்சையாவது விடக்கூடாதென்று சைக்கிளில் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டேன். முன்வரிசையில் தவறாமல் இருந்த ஒருவர் படலையடியில் நின்றே சொன்னார்: "பிள்ளை, விடிய வெள்ளண போய் பெற்றோல் வரிசையில நிண்டிட்டு வாறன். இதுக்குள்ளை பிரபஞ்சமோ?" கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அன்று வெறும் கதிரைகளுக்கு முன்னால் பேசத் தொடங்கினேன். பாதியில் நிறுத்திவிட்டு, நானும் ஒரு கதிரையில் இருந்துவிட்டேன்.

வீட்டுக்காரர் வீட்டை விற்றார். கரும்பலகை சுவரோடு கட்டியது. வாங்கியவர்கள் இடித்தபோது அதுவும் போனது. நஸீரா பெருநாளுக்குப் பெருநாள் செய்தி அனுப்புவாள். கணக்கைப் பற்றி அவளும் கேட்பதில்லை, நானும் எழுதுவதில்லை.

போன மாதம் அந்தக் கணக்கு இருந்த கொப்பியை எடுத்துப் பார்த்தேன். நஸீரா எழுதிய வரிகள் விளங்கவில்லை. நான் எழுதியவையும் விளங்கவில்லை. "இது எப்பிடி வந்தது?" என்று கேட்க இந்தக் குடாநாட்டில் எனக்கு ஒருவரும் இல்லை.