நீல மூடி டப்பாவும் நூற்றிருபது கிலோவும்

அடுத்தவர் தட்டை எட்டிப் பார்க்காதே என்று சொல்லி வளர்த்த வீட்டுப் பெண் நான். அதையே வேலையாகக் கொடுத்து மாதச் சம்பளமும் கொடுத்தார்கள். எழுபதுகளின் கடைசி. ஹைதராபாத்தில் ஓர் உணவு ஆராய்ச்சிக் கூடம். பளு தூக்கும் வீரர்கள் என்ன சாப்பிடுகிறார்கள், புரதத்தைக் கூட்டிக் கொடுத்தால் இன்னும் எவ்வளவு தூக்குவார்கள் என்று பார்ப்பது எங்கள் ஆராய்ச்சி. டாக்டர் ஆராய்வார். நான் தராசைத் தூக்கிக்கொண்டு பஸ் பஸ்ஸாக ஏறி இறங்குவேன். உதவியாளர் வேலை பார்த்து முதுகு வளைந்த சகோதர சகோதரிகளே, உங்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

எலும்பைக் கொடுங்க

சேவியர் மல்காஜ்கிரிக்காரர். மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பம். வாயைத் திறந்தால் தமிழோடு, ஆமாவுக்கு ஹவ்வும் வேண்டாமுக்கு நக்கோவும் என்று ஹைதராபாத் உருதும் சேர்ந்தே வரும். காஞ்சன்பாக் பக்கம் ஒரு பொதுத்துறை ஆலையில் ஃபிட்டர். அறுபது கிலோ எடைப் பிரிவில் பளு தூக்குவார் என்பதற்காகவே வேலைக்கு எடுத்திருந்தார்கள். ஏழு நாளைக்கு அவர் வாய்க்குள் போவதெல்லாம் முதலில் என் தராசில் ஏறியாக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மட்டன் குழம்பு. அவர் மனைவி கரண்டியை எடுத்தால் நான் கையைப் பிடிப்பேன், எடை பார்ப்பேன், எழுதுவேன். சோறு ஆறிப் போகும். மனுஷன் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை, கையைக் கட்டிக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்திருப்பார். சாப்பிட்டு முடித்ததும் நான் ஒரு கிண்ணத்தை நீட்டி, கடித்துப் போட்ட எலும்பை எல்லாம் கேட்டேன். போட்டதில் மிச்சத்தைக் கழித்தால்தானே சாப்பிட்டது தெரியும்! அன்றைக்குத்தான் அவர் வாயைத் திறந்தார்.

"மேடம், எங்க வீட்டு நாய்கூட இவ்வளவு ஆசையா எலும்பைப் பாக்காது."

கேன் பயணம்

சாப்பாடு முடிந்தால் அடுத்தது சிறுநீர். ஒரு நாள் முழுக்கப் போவதை ஒரு சொட்டு விடாமல் பிளாஸ்டிக் கேனில் பிடித்துக் கொண்டுவர வேண்டும். உடம்பு எவ்வளவு புரதத்தை வைத்துக்கொண்டது என்று அதில்தான் தெரியும். ஒரு தடவை தவறினாலும் அந்த நாள் வீண். பலர் தவறியதைச் சொல்லாமல் தண்ணீர் ஊற்றி நிரப்பிக் கொடுத்து நம் உயிரை எடுப்பார்கள். சேவியர் ஒருத்தர்தான் கேனை நீட்டும்போதே, "ஒரு தடவை ஆலையில விட்டுப் போச்சு மேடம், இன்னைக்குக் கணக்கை அடிச்சிடுங்க, மறுபடி புடிக்கறேன்" என்று சொன்ன ஆள். அந்த நாணயத்துக்கு அவருக்கு ஒரு கும்பிடு போடலாம்.

பிடித்தது கெட்டுப்போகாமல் இருக்க நான் கேனின் அடியில் டொலுவீன் என்ற திரவம் கொஞ்சம் ஊற்றி அனுப்புவேன். அது பெயிண்ட் கடை மாதிரி மணக்கும். ஒரு நாள் சேவியர் கேனோடு ஏறிய பஸ்ஸில் கண்டக்டர் மூக்கை உறிஞ்சினார். கிரசின் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறக் கூடாது, இறங்கு என்றார். நக்கோ, இறங்கினால் லேபுக்கு நேரமாகிவிடும் என்று சேவியர் கேனை மடியில் கட்டிப் பிடித்துக்கொண்டார். கண்டக்டர் விடாப்பிடியாக மூடியைத் திறந்து முகர்ந்தார். உள்ளே இருப்பது என்ன, யாருடையது என்று சேவியர் பயபக்தியோடு விளக்கினார். பஸ் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. கண்டக்டர் மூடியை மெதுவாகத் திருகிக் கையில் கொடுத்தார்.

"இதுக்கு கிரசினே தேவலை, உக்காருப்பா."

ஒரே ரூம், ரெண்டு டப்பா

பிறகு நிஜமான சோதனை தொடங்கியது. சிவப்பு மூடி டப்பாவில் புரதத்துக்காகப் பால் பவுடர், வேர்க்கடலை மாவு, பொட்டுக்கடலை மாவு. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, நீல மூடியில் வெறும் மாவும் சர்க்கரையும். இரண்டிலும் ஏலக்காய் போட்டு, நிறமும் மணமும் ஒன்றாகத் தெரியும்படி செய்தேன். யாருக்கு எது என்பது சீட்டுக் குலுக்கிப் போட்டது. எது அசல் என்று வீரர்களுக்குத் தெரியாது, டாக்டருக்கே தெரியாது, மாவைக் கலந்த எனக்கு மட்டும்தான் தெரியும்.

குகட்பள்ளியில் நரசிம்மா, ராமுலு என்று இரண்டு வீரர்கள் ஒரே அறையில் இருந்தார்கள். ஒருவருக்குச் சிவப்பு, இன்னொருவருக்கு நீலம். ஆறு வாரம் கழித்துப் போய்ப் பார்க்கிறேன், இரண்டு டப்பாவையும் ஒரே சட்டியில் கொட்டிப் பாலில் கலக்கி, ஆளுக்குப் பாதியாகக் குடித்துக்கொண்டிருக்கிறார்கள்! முதல் நாளிலிருந்தே அப்படித்தானாம். ஆறு வார உழைப்பு அந்தச் சட்டியில் கரைந்து போனது. அடப்பாவிகளா என்று தலையில் கை வைத்தேன். ஆனாலும் உள்ளுக்குள் அவர்கள்மேல் ஒரு பிரியம் வந்ததை மறைக்க முடியவில்லை. நரசிம்மாவுக்கு நான் ஏன் கத்துகிறேன் என்றே புரியவில்லை.

"ஒரே ரூம்ல இருந்துக்கிட்டு, கூட இருக்கறவனை விட்டுட்டு எப்படி மேடம் குடிக்கிறது?"

மாவுல ஏதோ இருக்கு

சேவியருக்குச் சீட்டில் விழுந்தது நீலம். விழுந்த அன்றே எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. காரணம் இருக்கிறது. அவர் வேலை இன்னும் டெம்பரரி. தேர்வுப் போட்டியில், கம்பியைத் தோளுக்கு ஏற்றி அங்கிருந்து மேலே உந்தும் ஜெர்க்கில் நூற்றிருபது கிலோ, அதாவது தன் எடையைப் போல் இரண்டு மடங்கைத் தலைக்கு மேல் தூக்கினால்தான் மாநில அணியில் இடம். இடம் கிடைத்தால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று ஆலையில் சொல்லிவிட்டார்கள். அவரோ ஒரு வருஷமாக நூற்றிப் பன்னிரண்டரையில் நின்றுகொண்டிருந்தார்.

ஒரு நாள் ஸ்டோர் ரூமுக்குப் போய்ச் சிவப்பு டப்பாவைக் கையில் எடுத்தேவிட்டேன். மூடியை மட்டும் மாற்றினால் யாருக்குத் தெரியப்போகிறது? அப்புறம் மற்ற நீல மூடிக்காரர்களின் முகமெல்லாம் ஞாபகம் வந்தது. அவர்களுக்கும் வீடு வாசல் இல்லையா? திருப்பி வைத்துவிட்டேன். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

ஆனால் நடந்தது வேறு. சேவியர் காலையும் மாலையும் பயிற்சியை விடவில்லை, நேரத்துக்கு நீலத்தைக் கலக்கிக் குடித்தார், நேரத்துக்குத் தூங்கினார். நூற்றிப் பதினைந்து தூக்கினார். அடுத்த மாதம் நூற்றிப் பதினேழரை! சிவப்பு மூடிக்காரர்கள்கூட அவ்வளவு ஏறவில்லை. ஒவ்வொரு தடவையும் லேபுக்கு வந்து எனக்கு நன்றி சொல்வார், எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாது.

"ஹவ் மேடம், உங்க மாவுல ஏதோ இருக்கு."

காலி டப்பா

போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது சோதனை முடிந்தது. முடிந்ததும் யாருக்கு எது என்று கேட்டவர்களுக்குச் சொல்லிவிடுவதாக டாக்டர் முதலிலேயே வாக்குக் கொடுத்திருந்தார். சேவியர் காலி டப்பாவோடு வந்து நின்றார். போட்டி வரைக்கும் இன்னும் ஒரே ஒரு டப்பா வேண்டுமாம். மாவும் சர்க்கரையும்தானே, இரண்டு நிமிஷத்தில் நிரப்பிக் கொடுத்திருக்கலாம். ஒன்றும் சொல்லாமல் அதைத்தான் செய்யலாமா என்று டாக்டரைக் கேட்டேன்.

"சாம்பிளை ஒரு சொட்டுகூட மறைக்காத மனுஷன்மா அவர். நாம மறைக்கிறது நன்னாயிருக்காது" என்றார்.

சொல்லிவிட்டேன். சேவியர் என்னைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார். "அதுல ஒண்ணுமே இல்லையா?" என்றார். "ஏலக்காய் இருந்தது" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே அது எவ்வளவு மோசமாகக் கேட்டது என்று உறைத்தது. டப்பாவை மேஜையில் வைத்துவிட்டு, வந்த டீயைத் தொடாமல் போய்விட்டார். ஒரு குடும்பத்தின் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டேனே என்று அந்தப் பத்து நாளும் புலம்பாத நேரமில்லை.

போட்டி அன்று ஹாலில் கடைசி வரிசையில் ஒளிந்து உட்கார்ந்தேன். நூற்றிப் பதினேழரை ஏறியது. நூற்றிருபது தோள் வரைக்கும் வந்து கீழே விழுந்தது. மிச்சம் ஒரே ஒரு முயற்சி. சேவியர் மேடைக்கு வந்து, கையில் பவுடர் தட்டி, கம்பியைப் பிடித்தார். தோளுக்கு வந்தது. முட்டியைக் கொஞ்சம் மடக்கினார். பிறகு ஒரே உந்து, தலைக்கு மேல் நின்றது! தூக்கியது செல்லும் என்று நடுவர்கள் மூன்று பேரும் வெள்ளை விளக்குப் போட்டார்கள். நான் நாற்காலியில் ஏறி நின்று கத்தினேன், வெட்கமே இல்லாமல் அழுதேன். அவர் நேராக என்னிடம் வந்தார், மூச்சு இன்னும் வாங்கிக்கொண்டிருந்தது.

"அன்னைக்குக் கோவத்துலதான் போனேன் மேடம், ஆனா பஸ்ல போகும்போது யோசிச்சேன், மாவுல ஒண்ணுமே இல்லேன்னா இத்தனை நாளா தூக்கினது யாரு, நான்தானே!"

சேவியருக்கு வேலை நிரந்தரமானது, நாங்களோ எங்கள் கட்டுரையில் அவரை 'காரணம் விளங்காத விதிவிலக்கு' என்று அடிக்குறிப்பில் தள்ளிவிட்டு, எல்லாம் விளங்கிய மாதிரி முடிவுரை எழுதினோம்.