அண்ணையின் தள்ளாட்டம்

என் அண்ணை வாழ்நாளில் ஒரு சொட்டுச் சாராயம் தொட்டதில்லை. ஆனால் லண்டனில் நாங்கள் இருக்கும் நோர்பரியில் பாதித் தமிழ்ச்சனம் அவரைக் குடிகாரர் என்றுதான் நினைத்திருந்தது. அப்படி நினைக்க விட்டவன் நான்.

அவருக்கு ஹண்டிங்டன் நோய். கைகால் தன்பாட்டில் ஆடும், நடை தள்ளாடும், நாக்குக் குழறும். அப்பாவிடமிருந்து வந்த பரம்பரை நோய். எனக்கும் இருக்கலாம், இன்னும் சோதித்துப் பார்க்கவில்லை. வெளியே தெரிந்தால் என் இரண்டு மகள்களுக்கும் சம்பந்தம் பேச ஒருவரும் வரமாட்டார்கள் என்பதே என் பயம்.

கலியாணம் கட்டாத அவர் எங்களோடுதான் இருந்தார். கிழமைக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட், நோயை மாற்ற முடியாது என்பதை ஒளிக்கவில்லை. நடக்கிற காலைக் கொஞ்சக்காலம் கூடுதலாக நடக்க வைக்கலாம், அவ்வளவுதான் என்றாள். பிடித்துத் தள்ளிக்கொண்டு நடக்கிற, சில்லு வைத்த வாக்கர் ஒன்றைக் கொடுத்து, தினமும் கடைத்தெருவரை போய்வரச் சொன்னாள். அண்ணைக்குச் சரியான உற்சாகம். ஒரு கட்டுக் கறிவேப்பிலையோடு திரும்பி வந்தால் முழு வீட்டுக்கும் அதைக் காட்டுவார்.

ஒருநாள் நானும் கூடப் போனபோது, கடைவாசலில் தெரிந்த ஒருவர் எங்களை மறித்தார்.

"என்ன, அண்ணை காலமையே போட்டிட்டார் போல?"

நான் சிரித்தேன். "என்ன செய்யிறது, சொன்னாக் கேக்கிறாரில்லை."

குடி என்றால் அவரோடு போய்விடும். நோய் என்றால் என் பிள்ளைகள்வரை வரும். ஒரு நொடியில் இவ்வளவையும் யோசித்துவிட்டேன், பெரிய கெட்டிக்காரன். அண்ணை என் பக்கத்தில்தான் நின்றார்.

மறுநாள் வாக்கரை எடுத்துக் கொடுத்தேன். "ஏலாது" என்றார். அடுத்த நாளும் அதையே சொன்னார். நான் வற்புறுத்தவில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, உள்ளுக்குள் நிம்மதியாகக்கூட இருந்தது. பிசியோதெரபிஸ்ட் கேட்டபோது குளிர் என்று சாட்டுச் சொன்னேன். குளிர் போய் வெயில் வந்தபோது அவருக்கு உண்மையாகவே ஏலாமல் போயிருந்தது. நோய் எப்படியும் அவருடைய காலை எடுத்திருக்கும் என்று மனைவி ஆறுதல் சொல்கிறாள். இன்னும் ஒரு வருஷமாவது நடந்திருப்பார் என்றே நான் நினைக்கிறேன்.

பிறகு பேச்சுப் பயிற்சிக்கு ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்தாள். குரல் முழுதாகப் போகுமுன் சில வசனங்களைத் தெளிவாகச் சொல்லிப் பழகலாம், தமிழிலேயே சொல்லட்டும், தனக்கு மிகவும் தேவையானதை அவரே தெரிவு செய்யட்டும் என்றாள். தண்ணீர் வேண்டும், பாத்ரூம் போகவேண்டும், இப்படி ஏதாவது கேட்பார் என்று காத்திருந்தேன்.

அண்ணை மூச்சை இழுத்தார். அவளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"நான்... குடிக்கிறேல்லை."

அவளுக்குத் தமிழ் தெரியாது. சொன்னது தெளிவாக இருக்கிறதா என்று என்னிடம் கேட்டாள். ஓம், தெளிவாக இருக்கிறது என்றேன்.

அப்படியென்றால் இதையே தினமும் பத்துத் தரம் சொல்லட்டும், நீங்கள் முன்னால் இருந்து கேளுங்கள் என்றாள்.