மனைவி கழுவிய விமானம்

என் விமானங்களில் அழுக்கு போதவில்லை என்று முதலில் சொன்னவர் ஒரு திருச்சிக்காரர். அவரை நான் நேரில் பார்த்ததில்லை. கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுகிறவர்களின் குழு ஒன்றில் இருவரும் இருக்கிறோம். அங்கே பெரும்பாலானவர்கள் ஓட்டுகிறவர்கள். நான் பெயின்ட் அடிக்கிறவன். ஒரு விமான நிறுவனம் தன் விமானத்தின் மேல் போட்டுக்கொள்ளும் நிறம், வாலில் உள்ள சின்னம், பெயர், பதிவெண் எல்லாம் சேர்ந்ததை லிவரி என்பார்கள். சிமுலேட்டரில் வரும் விமானம் வெள்ளை வெளேரென்று இருக்கும். அதற்கு லிவரி போட்டு, நிஜத்தில் பறக்கிற ஏதோ ஒரு விமானத்தைப் போலவே ஆக்குவதுதான் நான் செய்வது. இதற்குச் சம்பளம் கிடையாது. சம்பளத்துக்கு வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தில் நில வரைபடம் வரைகிறேன்.

நான் மிகவும் பாடுபட்டு முடித்த ஒரு லிவரியைக் குழுவில் போட்டிருந்தேன். ஜன்னலுக்கும் எழுத்துக்கும் உள்ள இடைவெளி, வாலில் உள்ள நீலம் வெயிலில் எப்படி, மேகத்தில் எப்படி என்று ஒவ்வொன்றையும் புகைப்படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்திருந்தேன். திருச்சிக்காரர் கீழே எழுதினார்: "சூப்பர் சார். ஷோரூம்ல இருந்து இப்பதான் எடுத்தீங்களா? எலுமிச்சம்பழம் வெச்சு ஏத்தியாச்சா?"

சரியாகச் சொன்னதால் வலித்தது. பறக்கிற விமானம் எதுவும் அவ்வளவு சுத்தமாக இருக்காது. ஆனால் எனக்கு அழுக்கு பழக்கமில்லை. காலையில் அலுவலகம் கிளம்பும் முன் ஸ்கூட்டரை இரண்டு துணிகளால் துடைக்கிறவன் நான். கண்ணாடிக்குத் தனித் துணி. அழுக்கு என்பது துடைக்க வேண்டிய ஒன்று என்றுதான் தெரியும். அதை நின்று பார்த்ததே இல்லை.

இந்த யோசனையில் இருந்தபோதுதான் அந்தமானிலிருந்து போன் வந்தது. என் மனைவியின் தங்கை அங்கே வாழ்க்கைப்பட்டுப் போனவள். அவள்தான் ஒவ்வொரு முறையும் இங்கே வருவாள். நாங்கள் போனதே இல்லை. இப்போது அவள் மகளுக்குக் கல்யாணம்.

"அக்கா, நலங்கு வெக்க மொத ஆளா நீ வந்து நிக்கணும். பெரியம்மா இல்லாம என் பொண்ணு மணையில உக்கார மாட்டா, சொல்லிட்டேன்" என்றாள் ஸ்பீக்கரில். பிறகு என்னிடம், "மாமா, அவள கையோட இட்டுகினு வந்துடுங்க. கப்பல் கப்பல்னு சொல்லுவா, விட்டுடாதீங்க."

மனைவி கப்பலைத்தான் சொன்னாள். விசாரித்தேன். முகூர்த்தம் முடிந்து பந்தல் பிரித்த பிறகுதான் எங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற மாதிரி அடுத்த கப்பல் இருந்தது. விமானம் என்றால் சென்னையிலிருந்து காலையில் ஏறி மதியச் சாப்பாட்டுக்கு அங்கே இருக்கலாம்.

"நான் ஏற மாட்டேங்க. பஸ் நின்னா எறங்கி ஓரமா நிக்கலாம். அது நின்னா எங்க நிக்கறது?"

"நடுவுல இன்ஜின் நின்னாலும் தொப்புனு விழாது. ரொம்ப தூரம் சறுக்கிட்டே போகும்."

"சறுக்கிகினு எங்க போவும்?"

சென்னைக்கும் அந்தமானுக்கும் நடுவில் இருப்பதைச் சொன்னேன். கடல். உண்மையைத் தவிர வேறு எதையும் சொல்ல எனக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்று இரவுச் சாப்பாட்டின்போது, "என்ன விட்டுட்டு நீங்க மட்டும் போயி மொய் வெச்சிட்டு வாங்க" என்றாள். தங்கையின் ஒரே மகள். அவள் பிறந்தது இங்கேதான். முதல் மூன்று மாதம் அவளைக் குளிப்பாட்டியது இவள்தான்.

எனக்கு ஒரு வழி தோன்றியது. எந்த நிறுவனத்தின் விமானத்தில் போகப்போகிறோமோ, அந்த லிவரியைப் போட்டு, சிமுலேட்டரில் சென்னையிலிருந்து அந்தமானுக்கு அவளை உட்கார வைத்து ஓட்டிக் காட்டுவது. பார்த்துப் பழகினால் பயம் போகும். அச்சு அசலாக இருந்தால்தானே பழக முடியும்? ஆகவே இந்த முறை அழுக்கும் வேண்டும்.

அழுக்கைப் படிக்க பௌர்ணமியைப் போல நல்ல நாள் கிடையாது. கிரிவலத்துக்கு நாலா பக்கமிருந்தும் வந்த பஸ்கள் தற்காலிக பஸ் நிலையத்தில் வரிசையாக முதுகைக் காட்டி நின்றன. ஒரு பஸ்ஸின் பின்புறத்தில் கரி அற்புதமாகப் படிந்திருந்தது. புகைக் குழாயிலிருந்து கிளம்பி, விசிறி மாதிரி விரிந்து, ஆணிகளைச் சுற்றி அடர்ந்து, விளக்குக்குக் கீழே மெலிந்திருந்தது. குனிந்து ஒரு போட்டோ எடுத்தேன்.

"என்னா சார் பாக்கறீங்க?" டிரைவர் வந்துவிட்டார்.

"ஒண்ணுமில்லீங்க. புகை எப்படி படிஞ்சிருக்குன்னு பாத்தேன்."

சட்டையை உள்ளே விட்டிருந்தேன், பையில் பேனா வைத்திருந்தேன். ஆர்.டி.ஓ. ஆபீஸ் ஆள் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். "சார், எஃப்சி இப்பதான் சார் காட்டினோம். பொகை கம்மியாத்தான் சார் வருது. ஜாஸ்தின்னு எவன் சார் சொன்னான்?"

"ஐயோ, நான் குறை சொல்லலீங்க. அழுக்கு ரொம்ப நல்லா இருக்கு. அப்படியே இருக்கட்டும்."

"நக்கல் பண்றீங்களே சார்" என்றவர் நான் தடுப்பதற்குள் பக்கெட் தண்ணீரை விசிறி ஊற்றித் துணியால் ஒரு தேய் தேய்த்தார். "இப்ப பாருங்க. பளபளன்னு இல்ல?"

இருந்தது. ஆனாலும் ஒரு போட்டோ மிஞ்சியது. அழுக்குக்கும் ஒரு திசை உண்டு என்று அதிலிருந்து கற்றேன். காற்று போகிற பக்கம் அது இழுபடும். கை படுகிற இடத்தில் தங்கும். மழை வடிந்த கோட்டில் இறங்கும். வீட்டுக்கு வந்து வேலையைத் தொடங்கினேன். பெயின்ட் அடிப்பதற்கு விமானத்தின் தோலை உரித்துப் பாய் மாதிரி விரித்த படம் ஒன்று உண்டு. அதன் மேல் கண்ணாடித் தாள் போல அடுக்கடுக்காக வைத்து வரைய வேண்டும். கீழே நிறம், மேலே எழுத்து, எல்லாவற்றுக்கும் மேலே அழுக்கு. இன்ஜினுக்குப் பின்னால் கரி, வயிற்றில் எண்ணெய்க் கோடுகள், சக்கரங்களின் மேல் பிரேக் தூள், பெட்டி ஏற்றும் கதவைச் சுற்றிக் கைக்கறை. இத்தனை நாள் நான் போட்டதிலேயே அதுதான் உயிருள்ள விமானம். குழுவில் போட்டேன். திருச்சிக்காரர் ஒரே ஒரு கும்பிடு அனுப்பினார்.

மனைவியைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். விமானத்தை மெல்ல ஒரு சுற்று சுற்றிக் காட்டினேன். அவள் திரைக்குக் கிட்டே வந்தாள்.

"இதுலயா என்ன ஏத்தப் போறீங்க?"

"இதே மாதிரிதான்."

"இவ்ளோ அழுக்காவா? கழுவறதுக்கே ஆள் இல்லாத கம்பெனிக்காரன் இன்ஜின மட்டும் கண்ணுல ஒத்திகினு பாத்துக்குவானா? கப்பலுமாச்சு, பிளேனுமாச்சு, நான் வரலீங்க."

அழுக்கு பறந்ததற்கு அடையாளம், பழுதுக்கு அடையாளம் இல்லை என்று விளக்கினேன். அவள் கேட்டுவிட்டு, "அப்ப உங்க ஸ்கூட்டர ஏன் தினம் தொடைக்கறீங்க?" என்றாள்.

மறுநாள் சாயங்காலம் அலுவலகத்திலிருந்து வந்தபோது அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். "இத எப்படி அழிக்கறது?"

"எதை?"

"இந்த கரிய. பாத்ததுல இருந்து மனசே சரியில்ல. குடுங்க இங்க, நான் கழுவறேன்."

என் உழைப்பு கண் முன்னால் வந்து நின்றது. ஒரு நகல் எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு, அழுக்கு அடுக்கை மட்டும் தேர்ந்து, அழிக்கும் பிரஷ்ஷை அவள் கையில் கொடுத்தேன். மொத்த அழுக்கையும் ஒரே கிளிக்கில் மறைத்துவிடலாம் என்று சொல்லவும் செய்தேன்.

"மறைச்சா கழுவின மாதிரி ஆவுமா?" என்றாள்.

அன்றிலிருந்து சமையல் முடிந்ததும் விமானம் கழுவுவது வழக்கமாயிற்று. மூக்கிலிருந்து தொடங்கி வாலை நோக்கிப் போனாள். நான் மறுநாளைக்குக் காய் நறுக்கினேன். ஒவ்வொரு மூலையைக் கழுவும்போதும் ஒரு கேள்வி வரும். இது என்ன மூடி? இது ஏன் திறந்திருக்கு? இந்த சக்கரம் உள்ள போயிடுமா, போனா கதவு சாத்திக்குமா? எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஒருநாள் நான் கடைக்குப் போய் வருவதற்குள் இறக்கையை முடித்திருந்தாள். பெரிதாக்கிப் பார்த்தேன். எங்கேயோ கை பட்டு எழுத்து அடுக்குக்கு மாறியிருக்கிறாள். இறக்கை மேல் இருந்த பொடி எழுத்துகள் எல்லாம் போயிருந்தன.

"இங்க எழுத்து இருந்துச்சே?"

"பூச்சி பூச்சியா இருந்துச்சே, அதுவா? தேச்சு எடுத்துட்டேன்."

"அது 'இங்கே மிதிக்காதே'ன்னு எழுதினதும்மா!"

"எறக்க மேல எவன் போயி மிதிக்கப் போறான்?"

"நாமதான். அவசரம்னா இதோ இந்தக் கதவைத் திறந்து இறக்கை மேல வந்து நிக்கணும். இந்தக் கறுப்புக் கோட்டுக்கு உள்ளயே நடக்கணும். வெளிய மிதிச்சா தகடு தாங்காது."

அவள் மவுஸை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "தண்ணில எறங்கினாலும் எறக்க மேல நிக்கலாமா?"

"கொஞ்ச நேரம் மிதக்கும். படகு வரைக்கும் நிக்கலாம்."

"நின்னா எங்க நிக்கறதுன்னு அன்னிக்கே கேட்டேன் இல்ல? சறுக்கும், கடலுன்னு என்னென்னமோ சொன்னீங்களே, இத ஏன் சொல்லல?"

பயத்துக்கு அவள் கேட்டிருந்தது நிற்க ஓர் இடம். நான் கொடுத்தது கணக்கு. "அந்த கதவு பக்கத்துலயே சீட்டு பாத்து போடுங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி மவுஸைப் பிடித்தாள். வால் இன்னும் பாக்கி இருந்தது.

டிக்கெட் போட்டேன். கதவுக்கு அடுத்த வரிசையில் ஜன்னல் சீட்டு. ஆனால் சென்னை போகும் வழியெல்லாம் எனக்கு ஒரே கவலை. அவள் கழுவி வைத்தது என் கம்ப்யூட்டரில் இருக்கிற விமானத்தை. நிஜ விமானத்தை யாரும் கழுவியிருக்க மாட்டார்கள். படிக்கட்டில் நின்று அவள் திரும்பிவிட்டால்? விமானத்தடி வரை கொண்டுவிட்ட பஸ்ஸை விட்டு இறங்கியதும் விமானத்துக்கும் அவளுக்கும் நடுவில் நடந்தேன். இன்ஜினின் பின்னால் கரி, வயிற்றில் எண்ணெய்க் கோடு, நான் போட்டதைவிட ஜாஸ்தி.

"மறைக்காதீங்க, பாத்துட்டேன்" என்றாள். நின்றாள். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். அவள் மூக்கிலிருந்து வால் வரை ஒரு பார்வை பார்த்து, "நாம கழுவினதுக்கு அப்புறம் எவ்ளோ ஓட்டியிருக்கானுங்க பாருங்க" என்று சொல்லிவிட்டுப் புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துப் படியேறினாள்.

மேலே எழும்பும்போது நான்தான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் இறக்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அந்தப் பக்கத்துச் சீட்டில் முதல் தடவை பறக்கிற ஓர் அம்மாள் கண்ணை மூடி முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "கண்ண தொறந்து அங்க பாருங்கம்மா" என்று இவள் என்னைத் தாண்டிக் கை நீட்டி அவர் தோளைத் தட்டினாள். "அந்த பூச்சி பூச்சியா இருக்கறது அழுக்கு இல்ல, எழுத்து. அதுக்கு இந்தாண்ட தான் நிக்கணும்."

அந்தமானில் தங்கை வாசலிலேயே காத்திருந்தாள். கட்டிப் பிடித்துக்கொண்டு, "வந்துட்டியாக்கா! பயமா இருந்துச்சா?" என்றாள்.

"பயம் என்னாடி பயம்" என்றாள் என் மனைவி. "அழுக்குதான் ஜாஸ்தி."