ஐம்பத்தைந்தில் வரும் ஊளை

லைல் ப்ரூயிட் பிரித்துக் கட்டிய காரின் பின்பக்க ஆக்சில் எதுவும் ஊளையிட்டுக்கொண்டு திரும்பி வந்ததில்லை. வடமேற்கு ஒஹையோவில் எங்கள் பக்கத்து ஆட்களைக் கேட்டால் அவனைப் பற்றி இந்த ஒன்றைத்தான் சொல்வார்கள். வேறு சொல்லவும் அவனிடம் பெரிதாக ஒன்றும் கிடையாது. பள்ளிக்கூடத்தில் கால்பந்து அணியில் இருந்தான், பெஞ்சில் உட்கார. மீன் பிடிக்கத் தெரியாது. தேவாலயத்தில் தூங்குவான். முப்பது வருஷமாகத் தானியக் கிடங்கில் என்னோடுதான் வேலை. அறுவடை மாதங்களில் சோளம் உலர்த்தும் ராட்சத விசிறிகளுக்கு அடியில் நிற்பது அவன் பங்கு. சத்தம் தடுக்கக் காதில் மாட்டிக்கொள்ளக் கொடுத்த மூடியை ஆணியில் மாட்டி வைத்திருப்பான். "தலை வேர்க்குதுடா மெர்ல்" என்பான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வீட்டு ஷெட்டில் பழைய வண்டிகளின் பின் ஆக்சில் கட்டுவான். எஞ்சின் வேலையைத் தொடமாட்டான். எஞ்சினை எவனும் கட்டுவான், ஆக்சிலுக்குப் பொறுமை வேண்டும் என்பது அவன் கட்சி. ஆக்சிலுக்குள் கிரௌன் என்ற பெரிய சக்கரத்தின் பல்லும் பினியன் என்ற சின்னதின் பல்லும் எங்கே உரசுகின்றன என்று மஞ்சள் பசை தடவிப் பார்ப்பான். புதுப் பல் என்றால் பசையில் விழும் தடமே போதும். பழைய பல் தேய்ந்து தன் இஷ்டத்துக்கு ஒரு வடிவம் எடுத்திருக்கும். பசையை நம்ப முடியாது. ரோட்டில் ஓட்டிக் காதால்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

அந்த ஷெட்டின் உத்தரத்தில் ஒரு புகை அலாரம் உண்டு. பேட்டரி தீர்ந்துபோய் நிமிஷத்துக்கு ஒரு தடவை 'கீக்' என்று கத்திக்கொண்டிருந்தது. பேட்டரி வாங்கச் சோம்பல் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்தவன் வீட்டு உத்தரத்தைப் பற்றி நான் பேசுகிறவன் இல்லை.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கர்ட் ஓபர்மையர் வந்தான். பால் லாரி ஓட்டுகிற பையன், முப்பது வயது இருக்கும். எழுபதாம் வருஷத்து செவெல் கார் வைத்திருந்தான், பச்சை நிறம். எஞ்சின் முதல் பல் சக்கரம் வரை வண்டியோடு பிறந்ததே இருக்க வேண்டும் என்று பிடிவாதம். அதனால் பழைய பல்லையே வைத்து, பேரிங் மட்டும் புதிதாகப் போட்டு, லைல் மூன்று வாரம் முன்னால் கட்டிக் கொடுத்திருந்தான்.

"லைல், தப்பா எடுத்துக்காதீங்க. ஐம்பத்தஞ்சு மைல் வேகத்துல ஊளை விடுது."

"எது?"

"பின்னாடிதான். ஆக்சிலேட்டர்ல காலை அழுத்துனா வருது, எடுத்தா நின்னுருது."

"டயரா இருக்கும்."

"டயர மாத்திப் பாத்துட்டேன்."

"அப்ப உன் பொண்டாட்டியா இருக்கும்."

கர்ட் சிரிக்கவில்லை. மூன்று பேரும் ஏறினோம். லைல் ஓட்டினான். ரேடியோ அணைத்து, கண்ணாடிகளை ஏற்றி, வெட்டிய சோளக் காட்டுக்கு நடுவே நேராகப் போகும் ரோட்டில் விட்டான். ஐம்பத்தைந்து வந்ததும் அது கிளம்பியது. காதோரத்துக் கொசு மாதிரி மெல்லிசாக. லைல் காலை எடுத்தான், நின்றது. அழுத்தினான்; வந்தது. அவன் முகம் சுவர் மாதிரி இருந்தது.

"ஒண்ணுமில்ல" என்றான்.

"மெர்ல், நீங்களாவது சொல்லுங்க" என்றான் கர்ட்.

"வருதுடா" என்றேன்.

"நீயுமா? பீர் வாங்கிக் குடுத்தானா உனக்கு?"

"குடுத்தா வேண்டாம்னா சொல்வேன்? குடுக்கல. ஆனா வருது."

ஷெட்டுக்குத் திரும்பினோம். இறங்கியதும் கர்ட் மரியாதையாகத்தான் கேட்டான். "டவுன்ல ஒரு கடை இருக்கு. அங்க காட்டட்டுமா?"

அதற்குப் பதிலாகத் தன் முகத்தில் ஓர் அறை விட்டிருந்தாலும் லைல் தாங்கியிருப்பான். அவன் கட்டியதை இன்னொருவன் பிரித்தால், அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடக் கால்பந்து ஆட்டத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். அவனிடம் இருந்த ஒரே பெயரும் போய்விடும்.

"கொண்டு போ! காட்டு! முப்பது வருஷமா கட்டுறேன். சத்தமில்லாத வண்டில சத்தம் கேக்குதுன்னா பைத்தியக்கார ஆஸ்பத்திரிலதான் காட்டணும், உங்க ரெண்டு பேரையும்!"

சாப்பிடக் கூப்பிட வந்த நடீன் கதவருகே நின்றாள். அவன் மனைவி, பள்ளிக்கூடக் கேன்டீனில் சமையல். முந்நூறு பிள்ளைகளை அடக்குகிற குரல். அலாரம் 'கீக்' என்றது. கர்ட், நடீன், நான் மூவரும் ஒரே சமயத்தில் அண்ணாந்து பார்த்தோம்.

லைல் அதைக் கவனித்துவிட்டான்.

"அங்க என்ன பாக்குறீங்க?"

அவன் எங்கள் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். மறுபடி 'கீக்'. மறுபடி மூன்று தலைகளும் மேலே போயின.

"லைல், அது கத்துறது உனக்குக் கேக்கலையா?" என்றாள் நடீன்.

"எது?"

அவள் உத்தரத்தைக் காட்டினாள். அவன் அந்த வெள்ளைப் பெட்டிக்குக் கீழே போய் நின்று, தலையைச் சாய்த்து வெகுநேரம் காத்திருந்தான். அதற்குள் அது இரண்டு தடவை கத்தியது. எங்கள் பேச்சு அவனுக்குக் கேட்கிறது, அந்த மெல்லிய கீச்சு மட்டும் கேட்கவில்லை.

"எப்பலேருந்து?" என்னைத்தான் கேட்டான்.

"ஜூலைலேருந்து."

ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான். எங்களை வையவில்லை. "வண்டிய விட்டுட்டுப் போ கர்ட்" என்றான். "அடுத்த ஞாயித்துக்கிழம வா. அப்பவும் சத்தம் இருந்தா நானே டவுனுக்கு இழுத்துட்டுப் போறேன்."

கர்ட் சாவியைப் பெஞ்சில் வைத்துவிட்டுப் போனான்.

பேட்டரியை நான் மாற்றட்டுமா என்று கேட்டேன். "முதல்ல இந்த ஆக்சில்" என்றான்.

கழற்றிப் பார்த்ததில் காரணம் சுலபம். புதுப் பேரிங் பழையதைவிட ஒரு மயிரிழை ஒல்லி. இடைவெளியைச் சரிக்கட்டும் பழைய தகட்டையே அடியில் வைத்ததால் பினியன் உள்ளே போக வேண்டிய அளவு போகவில்லை. இது அவனுக்குத் தெரியாததல்ல. ரோட்டில் ஓட்டியபோது அவன் காதுக்குச் சத்தமில்லை, சரியென்று விட்டுவிட்டான். இந்தத் தடவை தடிமனான தகடு வைத்தான். பினியனில் ஒரு மெல்லிய இரும்புக் குழாய் உண்டு, நட்டை முறுக்க முறுக்க அது நசுங்கும். ஒரு தரம் நசுங்கினால் பிறகு தூக்கிப் போட வேண்டியதுதான். ஒவ்வொரு தடவை பிரித்ததற்கும் புதுக் குழாய் போட்டான்.

புதன்கிழமை மாலை நடீனை முன்சீட்டில் உட்காரச் சொன்னான். பழைய வண்டி என்றாலே அவளுக்கு ஆகாது, பெட்ரோல் வாடை தலைவலி தரும்.

"நான் என்ன மெக்கானிக்கா? மெர்ல கூட்டிட்டுப் போ."

"அவன் என் மனசு நோகக்கூடாதுன்னு பொய் சொல்லுவான். நீ சொல்லமாட்ட."

அவள் முன்சீட்டில் ஏறினாள். நான் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். ஐம்பத்தைந்தில் லைல் காலை அழுத்தினான்.

"இப்ப?"

"ஒண்ணுமில்ல."

காலை எடுத்தான். "இப்ப?"

"இப்ப வருது. நம்ம பழைய ஃபிரிட்ஜ் ராத்திரில முனகுமே, அப்படி."

எனக்கும் கேட்டது. அவள் முந்திக்கொண்டாள்.

"அப்படின்னா தகடு கூடிப் போச்சு" என்றான் லைல். அவளைக் கோபமாகவே பார்த்தான், ஆனால் கணக்குப் போடுகிற கோபம். முதலில் அழுத்தும்போது சத்தம், இப்போது எடுக்கும்போது சத்தம். சரியான தகடு இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

சனிக்கிழமை மறுபடி ஓட்டினான். அழுத்தினான், எடுத்தான், அழுத்தினான். நடீன் கண்ணை மூடியிருந்தாள். தூங்கிவிட்டாளோ என்று நினைத்தேன்.

"சொல்லுடி."

"என்ன சொல்ல? காத்து சத்தம். உன் மூச்சு சத்தம். மூக்கு அடைச்சிருக்கு உனக்கு, மாத்திரை போடு."

"பின்னாடி?"

"பின்னாடி மெர்ல்தான் இருக்கான். அவனும் சத்தம் போடல."

ஞாயிற்றுக்கிழமை கர்ட் தனியாக ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தான். இறங்கும்போதே சிரிப்பு. தன் அண்ணனிடமும் ஒரு பழைய வண்டி இருக்கிறது, பின்னாடி எண்ணெய் ஒழுகுகிறது, அனுப்பட்டுமா என்று கேட்டான்.

லைல் கையை அழுக்குத் துணியில் துடைத்தான். துடைக்க ஒன்றுமில்லாதபோதும் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அனுப்பு. ஆனா ஒண்ணு, உன் அண்ணன்ட்ட சொல்லிரு. கட்டுறது நான். சத்தத்தக் கேட்டுச் சொல்றது இதோ நிக்கிறாளே நடீன், இவ. உன் வண்டிக்கும் அப்படித்தான் நடந்துச்சு. எனக்கு அது கேக்கல."

"சொல்றேன்" என்றான் கர்ட். பச்சை வண்டி சத்தமில்லாமல் போனது. அதாவது எஞ்சின் முழங்கியது, பின்னால் ஒன்றுமில்லை.

"வியாழக்கிழம காது டாக்டர்" என்றாள் நடீன். "நாள் வாங்கியாச்சு. சோளம் கீளம்னு கதை சொல்லாத." பதிலுக்கு நிற்காமல் வீட்டுக்குள் போனாள்.

லைல் மடக்கு ஏணியை எடுத்து உத்தரத்தடியில் விரித்தான். சட்டைப்பையில் பேட்டரி இருந்தது, என்றைக்கு வாங்கினானோ. ஏறினான், பெட்டியைத் திறந்தான், மாற்றி மூடினான். ஏணி மேலேயே நின்றபடி என்னைப் பார்த்தான்.

"நின்னுச்சா?"

"இரு. ஒரு நிமிஷம் ஆகணும்."

காத்திருந்தோம். அவன் உத்தரத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு நிமிஷம் போனது, இன்னொன்றும் போனது.

"நின்னுருச்சுடா" என்றேன்.

இறங்கி வந்து ஏணியை மடக்கினான்.